கப்பலுக்கு முன்னால் ஒரு சந்தேகம்

“மாப்ள, கிளம்புறதுக்கு முந்தி ஒரே ஒரு சந்தேகம்” என்றார் சொக்கலிங்கம், பூட்டிய தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி.

பாலகுமார் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை. டாலிகஞ்ச் வீட்டிலிருந்து ஹேடோ துறைமுகத்துக்குப் போகவேண்டும்; அங்கே பதினொன்றரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தீவிலிருந்து அடுத்த சென்னைக் கப்பல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். இந்த டிக்கெட்டுக்கே மூன்று நாள் வரிசையில் நின்றிருந்தான்.

மாமனார் போவதில் அவனுக்கும் வருத்தம்தான். “பொண்ணைக் கொடுத்த வீட்டுல மூணு மாசம் இருந்ததே அதிகம்” என்று அவரே சொன்னபிறகு என்ன செய்ய? விடியற்காலையிலேயே பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

“கேளுங்க மாமா.”

“நிலாவுக்கு மனுசன் நெசமாவே போனானா? காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படி விரிஞ்சு நின்னுச்சு?”

பாலகுமார் அறிவியல் வாத்தியார். கப்பலை விட்டாலும் விடுவான், சந்தேகத்தை விடமாட்டான்.

“மேல குறுக்குக் கம்பி இருந்துச்சு மாமா, இப்படி!” மாமாவின் துண்டை ஒட்டடைக் கம்பில் விரித்துக் காட்டினான். கம்பு அலமாரியில் இடித்தது. அரிசிமாவு டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் மாவு.

“ஐயையோ!” என்று அவன் மனைவி மீனா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

சொக்கலிங்கம் மாவையே பார்த்தார். “ஈரமில்லாத மண்ணுல கால்தடம் மட்டும் எப்படி மாப்ள பதிஞ்சுச்சு?”

“அது நைசான பொடி மாமா.” மாவில் மிதித்துக் காட்டினான். தடம் அச்சாக விழுந்தது. பேண்ட்டும் முழங்கால் வரை வெள்ளையானது.

“இப்படியேவா ஹேடோ போவீங்க? மாத்துங்க!” என்றாள் மீனா.

மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஆட்டோக்கார முத்துராஜ் வாசலில் கத்தினார். “சாப், ஜல்தி! ஜஹாஜ் போயிரும்!”

“போட்டோவுல ஒரு நட்சத்திரங்கூட இல்லையே?” என்றார் மாமா.

பாலகுமார் முத்துராஜையே வெயிலில் நிறுத்திப் படமெடுத்தான். முத்துராஜ் தலைசீவிக்கொண்டதில் மூன்று தடவை எடுக்கவேண்டியதாயிற்று. “பாருங்க, வெளிச்சத்துல இவர் தெளிவா இருக்கார். பின்னால வீட்டுக்குள்ள அலமாரி தெரியுதா? ஒரே இருட்டு. அப்படித்தான் நட்சத்திரமும்.”

“சரி. அம்புட்டு கனமான உடுப்போட எப்படித் துள்ளிக் குதிச்சாங்க?”

“அங்க எடை ஆறுல ஒரு பங்குதான் மாமா. உங்க பெட்டியைக்கூட ஒத்தை விரல்ல தூக்கிடலாம்.”

“இப்ப நல்லா விளங்குச்சு மாப்ள. போகலாம்.” சொக்கலிங்கம் நிதானமாக எழுந்தார்.

மணி பதினொன்று நாற்பது.

பாலகுமார் மாவிலேயே உட்கார்ந்துவிட்டான். “என் வாயாலதான் மாமா கப்பல் போச்சு. மன்னிச்சிருங்க.” அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

“விடுங்க மாப்ள, பன்னிரண்டு நாள்தானே. பொறுத்துக்கிறேன்” என்று பெருந்தன்மையாக அவன் தோளைத் தட்டினார் சொக்கலிங்கம்.

பெட்டியை உள்ளே வைக்கப் போன முத்துராஜ், அதை ஒற்றை விரலில் தூக்கிப்பிடித்துச் சிரித்தார்.

“சாப், டாலிகஞ்சும் நிலா மாதிரிதான் போல. இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே!”