அவரு இன்னும் ஓவர் சொல்லல

சண்டை போடும்போதுகூட எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்த பெண் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் சிதம்பரம் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தாள். பெற்றோர் வைத்த பெயர் வகுப்பில் வருகை எடுக்கும்போது மட்டும் கேட்கும். எங்களுக்கு அவள் 'ஓவர்'.

கடைசி வருடப் புராஜெக்டுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஜோடி வயர்லெஸ் செட் செய்தோம். பொத்தானை அழுத்தினால் பேசலாம். அப்போது அதன் காது அடைத்துவிடும். விட்டால்தான் கேட்கும். அதனால் பேசி முடித்தவர் "ஓவர்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விட வேண்டும். இந்த விதியை அவள் மெஸ் வரைக்கும் கொண்டுபோனாள். "சாம்பார் கொஞ்சம், ஓவர்" என்பாள். பரிமாறுகிற அக்கா நடுவில் "இன்னாது?" என்று கேட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பயமோ ஒரு ஊருக்கே போதும். வளையல், கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றினால்தான் மேஜைப் பக்கம் விடுவாள். உலோகம் கிட்டே வந்தால் அலைவரிசை நகர்ந்துவிடுமாம். செட்டுக்குள் இருந்த கம்பிச்சுருளைத் துடைப்பக் குச்சியால்தான் நெருக்குவாள், விலக்குவாள். வருடக் கடைசியில் எங்கள் மாடித் துடைப்பத்தில் கட்டின கயிறு மட்டும் மிச்சமிருந்தது. விசாரிக்க வந்த வார்டனிடம், "மேடம், உங்க தாலிச் செயின் கொஞ்சம் தள்ளி, ஓவர்" என்றாள்.

சோதனை கடலூர் துறைமுகத்தில். அனுமதியெல்லாம் வாங்கியிருந்தோம். ஒரு செட் எங்களிடம், இன்னொன்று எங்கள் மீன்பிடிப் படகில் என் அப்பாவிடம். இரண்டு பக்கமும் பேச்சு கேட்டால்தான் மதிப்பெண். இல்லையென்றால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், கிடைத்திருந்த சென்னை வேலையும் போகும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வேலை கிடைத்ததைக் குப்பம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். காலையிலிருந்து ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

படகு தூரம் போனதும் அப்பாவின் குரல் வந்தது. "யம்மா, கேக்குதா?"

தெளிவாகக் கேட்டது. ஓவர் பதில் சொல்வதற்குள், "கேக்குதாம்மா? ஒண்ணும் வரலியே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அலையில் நழுவிவிடும் என்று அப்பா செட்டைத் துடுப்புபோல இறுக்கிப் பிடித்திருந்தார், பொத்தானோடு சேர்த்து. போனில் சொல்லலாம் என்றால், நனையக்கூடாதென்று படகிலிருந்த இருவர் போனும் என் பையில்தான் இருந்தன.

கூடப் போன என் மாமாவிடம் அப்பா சொல்வது கேட்டது. "மச்சான், செத்துப்போச்சு போலருக்கு. புள்ள சோறு தண்ணி இல்லாம செஞ்சது. கரைக்குப் போயி நல்லா கேட்டுச்சின்னு சொல்லணும், இன்னா?"

"வாத்தியாரு கேட்டா?"

"அவருகிட்டயுந்தான். நீ மூஞ்சிய மாத்தாம நில்லு, போதும்."

வாத்தியார், அதாவது வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இங்க வருது. அங்க போறதா தெரியலையேம்மா" என்று தன் காரை நோக்கித் திரும்பினார்.

ஓவர் போய் வழியை மறித்தாள். கடிப்பதற்கு அவள் விரலில் நகம் மிச்சமில்லை. "சார், அவரு இன்னும் ஓவர் சொல்லல."

"எப்பம்மா சொல்லுவாரு?"

"தெரியாது சார். கேக்கணும்."

கேட்டோம். அம்மா குழம்பில் போடும் உப்பு, பக்கத்து வீட்டுச் சேவல், மாமாவின் குறட்டை, எல்லாம் ஒலிபரப்பாயின. சார் மணிக்கட்டைப் பார்த்தார். நான் எந்தக் கடவுளையும் விடவில்லை.

"மச்சான், தீப்பெட்டி குடு."

கடல் காற்றில் பீடி பற்றவைக்க இரண்டு கையும் வேண்டும். எங்கள் செட் சட்டென்று இரைந்தது. அப்பா பொத்தானை விட்டுவிட்டார். ஓவர் பாய்ந்து அழுத்தினாள்.

"அப்பா, எல்லாம் கேட்டுச்சு. சாரும் கேட்டுட்டாரு. ஓவர்."

இரைச்சல் நின்றது. அப்பா மறுபடி பொத்தானை அழுத்தியபடி மாமாவிடம் சொன்னார்: "மச்சான், பொய் சொல்ற வேல மிச்சம்டா."

சார் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

இப்போது அவள் ஓசூரில் இதே சர்க்யூட் வேலை பார்க்கிறாள், நான் சென்னையில். போன மாதம் ஆபீசில் ஒரு அவமானம். அவளுக்குப் போன் போட்டுச் சொல்லும்போதே பாதியில் அழுகை வந்து பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியாடி?" என்றேன்.

"இருக்கேன். நீ இன்னும் ஓவர் சொல்லலியே" என்றாள்.