கண்ணாடிக்காரர் கழற்றிய இன்ஜின்

வண்டியை விற்கவிடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை. வீட்டம்மா அதற்குள் தையல் மெஷினில் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சீருடைகளைக் கடகடவென்று தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக ஊராரின் பார்வையையெல்லாம் சரிசெய்து அனுப்புகிற மனிதர். தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் அவர் கண்ணில் படாது. அதைப் பிறகு பார்ப்போம்.

வண்டி என்றது ஒரு சின்ன வேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதிக்க என்று, கடை தொடங்கிய வருஷமே வாங்கியது. அது ஓடி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டு முன்னால் வண்டி நிறுத்தும் கொட்டகையில் சக்கரம் பாதி சப்பிப்போய் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், அதில் ஏறி டிரைவர் சீட்டில் சாய்ந்து, கையோடு கொண்டுபோன சின்ன ரேடியோவைத் திருகினால்தான் அவருக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும். வீட்டில் மூன்று அறை. ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் வெட்டின துணி, மூன்றாவதில் தைத்த துணி. அவர் எங்கே உட்கார்ந்தாலும் அங்கே ஒரு ஊசி முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். ஊசி இல்லாத ஒரே இடம் அந்த டிரைவர் சீட். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனிதன் எங்கே போவான்?

வீட்டம்மாவுக்கு வேண்டியது அந்தக் கொட்டகை. அங்கேதான் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். கண்ணாடிக்காரர் பெண்டாட்டியே ஊசியில் நூல் கோக்கத் தடவுகிறாள் என்று நாலு பேர் சிரிக்க வேண்டுமா என்பது அவள் கேள்வி. ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். அவரும் ஆறு வருஷமாக, அடுத்த மாசம் வண்டியை ரிப்பேர் செய்து ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை வாங்கிக்க ஒருத்தர் வர்றார். பேசி முடிச்சாச்சு."

"யாரு?"

"வரும்போது பாருங்க. அதுவரைக்கும் அந்த இன்ஜினை மட்டும் நோண்டிடாதீங்க. கழட்டிப் போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அதுவும் இன்ஜின் கழட்டறதெல்லாம் உங்களால முடியாது."

இந்தப் பேச்சில் இரண்டு சங்கதி இருந்தது. ஒன்று அவருக்கு ஐடியா கொடுத்தது. இன்னொன்று ரோஷத்தைக் கிளப்பியது. இன்ஜின் இல்லாத வண்டியை எந்த மடையன் வாங்குவான்? வருகிறவன் வந்த வழியே போவான். அப்புறம் சாவகாசமாக மாட்டிக்கொண்டால் ஆயிற்று. அது இருக்கட்டும், என்னாலயா முடியாது?

அவரிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது. போன வருஷம் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ உங்களால முடியாது என்றாள். அன்றைக்கே உள்ளே இறங்கித் தேய்த்தார். வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வராது என்றாள். இரண்டு கோட்டிங் அடித்தார். பரண் மேலே ஏறக்கூட முடியாது என்றாள். ஏறி, ஒட்டடை அடித்து, பழைய சாமானையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுத்தான் இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அவள் வாயை அடைத்துவிட்டதாக அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

வியாழக்கிழமையிலிருந்து கடைக்குப் பூட்டு. கண்ணாடிக் காம்பின் குண்டூசித்தலைத் திருகாணியைத் திருகிப் பழகின கை. அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன்பக்கம் இருக்காது, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஆகவே முதலில் இரண்டு சீட்டையும் கழற்றி வெளியே வைத்தார். மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு எலி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் இறங்கிப் போயிற்று.

பேட்டரி ஒயரை அவிழ்த்தார். கறுப்பு எண்ணெயை வடிக்கப் பாத்திரம் தேடினார். வீட்டம்மா தானே ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தன் பக்கெட்டில் அவர் கால் கழுவினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் அவள். அப்போதே மனிதருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். துடைத்து வைக்கிறேன், வாங்க வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்றார். பார்த்து, முதுகு பிடித்துக்கொள்ளப் போகிறது என்று சொல்லிவிட்டுப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்துப் போனாள்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். அவருக்குக் கை துறுதுறுத்தது. தன் கார் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆட்டி ஆட்டி எடுக்கணும் சார். அவசரப்பட்டா பாதி உள்ள நின்னுடும்" என்றார்.

"இது இன்ஜின், டாக்டர்."

"எதுவா இருந்தா என்ன, சுத்திலும் பிடிமானத்தை விடுவிச்சிட்டா தானா வந்துடும்."

இந்த வண்டியில் இன்ஜின் மேலே வராது, கீழேதான் இறங்கும். அதனால் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அண்டை கொடுத்து நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் கண்ணாடிக்காரர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது அவருடைய தொப்பை மட்டும்தான். அதுவும் அடிக்கடி வண்டியில் இடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஒயரிலும் நூல் கட்டி, எது எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு நோட்டில் படம் போட்டு வைத்தார். நூலும் வீட்டம்மா கொடுத்ததுதான். கலர் கலராகக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு போல்ட் பாக்கி. அது ஆறு வருஷத் துருவில் ஊறி, அசைவேனா பார் என்று நின்றது. எண்ணெய் விட்டார். சுத்தியால் தட்டினார். கெஞ்சினார். பல் டாக்டர் மரத்துப்போக ஏதாவது ஊசி போடலாமா என்று தன் பங்குக்கு யோசித்தார். கடைசியில் கண்ணாடிக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. போதும், பாதி கழற்றினதே போதும், வாங்க வருகிறவன் இந்தக் கோலத்தைப் பார்த்தாலே ஓடிவிடுவான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

வீட்டம்மா டீயோடு வந்தாள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா? உங்களால முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன், பாவம்" என்றாள்.

முதல் வாக்கியத்தைக்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'பாவம்' இருக்கிறதே, அதுதான் எங்கேயோ போய்த் தைத்தது. டீயைத் தொடவில்லை. மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தார். உள்ளேயிருந்து ஒரு உறுமல் கேட்டது. போல்ட் சுற்றிற்று.

ஜாக்கியில் உட்கார்ந்து இன்ஜின் மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் பழைய டயர் ஒன்றின் மேல் அமர்ந்தது. இருவரும் டயரோடு சேர்த்து அதைக் கொட்டகை நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள். கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியை இறக்கினால், முன்பக்கம் முழுசாக இறங்கவில்லை. சுமை போன நிம்மதியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்காரரும் அப்படித்தான் நின்றார். ராஜகளை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது யார் என்கிறீர்கள்? தெருமுனையில் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டே இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார், இதில் ஓடாத வண்டி வேறு! இருந்தாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மூன்று நாளாகத் தயார்செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினார்.

"மன்னிக்கணும். உங்களை வீணா அலைய வச்சிட்டோம். வண்டியில இப்ப இன்ஜின் இல்லை. முழுசாக் கழட்டிட்டேன்."

இஸ்திரிக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாயெல்லாம் பல்.

"நிஜமாவா சார்? நீங்களேவா கழட்டினீங்க? அம்மா சொன்னாங்க, நான்தான் நம்பலை. எனக்கு வண்டி ஓட வேண்டாம் சார், நிக்கணும். மழைக்கு ஒதுங்கித் துணி தேய்க்க ஒரு இடம். இன்ஜின் இருக்கிற இடத்துலதான் என் மேஜையே வருது. அதைக் கழட்டிக் கொடுத்தாத்தான் எடுத்துக்குவேன்னு போன வாரமே அம்மாகிட்ட சொல்லிட்டேன். மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இழுத்தடிக்கறாங்க. நீங்க பெரிய மனசு பண்ணி..." என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார். கழற்றின கையில் இன்னும் கறுப்பு எண்ணெய் போகவில்லை.

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவையில் ஒட்டியிருந்த நூலை வெகு சிரத்தையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தெய்வம் அவரை முழுக்கக் கைவிடவில்லை. இஸ்திரிக்காரரும் அவரோடு வந்த இரண்டு பேரும் சக்கரத்துக்குக் காற்றடித்து வண்டியைத் தள்ளினார்கள். வண்டி கேட்டுவரை ஜோராக வந்தது. அங்கே டங்கென்று ஒரு சத்தம். கேட்டுக்கு மேலே குறுக்கே ஓடிய சிமென்ட் உத்தரத்தில் வண்டியின் நெற்றி முட்டிக்கொண்டு நின்றது. ஓடிய காலமெல்லாம் இரண்டு விரல் இடைவெளியில் போய் வந்த வண்டி அது. இன்ஜின் போனதும் மூக்கைத் தூக்கியதே, அதில் அந்த இரண்டு விரலும் போய், மேலே ஒரு விரலும் போய்விட்டது.

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அடடா, என்ன செய்வது, வண்டிக்கே போக மனசில்லை என்று உச்சுக்கொட்டினார். காற்றை இறக்கிப் பார்க்கலாமா என்று இஸ்திரிக்காரர் கேட்டார். சப்பின சக்கரத்தோடு ஒரு கஜம்கூட உருளாது என்று கண்ணாடிக்காரர் உடனே தடுத்தார். அது உண்மையும்கூட.

வீட்டம்மா கழுத்தில் தொங்கின அளவுடேப்பை எடுத்தாள். உத்தரத்தை அளந்தாள். வண்டியின் கூரையை அளந்தாள். பிறகு டேப் இல்லாமலே புருஷனைத் தலை முதல் கால் வரை அளந்தாள். அவருக்கு இருபது வருஷமாகக் கால்சட்டை தைக்கிறவள். வருஷாவருஷம் இடுப்புத் துணியைக் கூட்டிக்கொண்டே வந்தவளுக்குக் கணக்குத் தெரியாதா?

"இன்ஜின் இருந்த இடத்துல அதே கனத்துக்கு ஒண்ணு வேணும். அவ்வளவுதான்" என்றாள்.

"கல்லு ஏத்தலாமா அம்மா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"கல்லு ஸ்டியரிங் பிடிக்காதே. இவரை உட்காரச் சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா இவர் ஒருத்தரால அவ்வளவு பெரிய வண்டியை அமுக்க முடியாது. டாக்டரையும் சேர்த்துக் கூப்பிடணும்."

"என்னால முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிக்காரர் ஏறிவிட்டார்.

சீட் இல்லை. இன்ஜின் இருந்த பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு அதில் உட்கார்ந்தார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. உத்தரத்துக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. பல் டாக்டர் கை தட்டினார். தள்ளினார்கள். தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் வாசலைத் தாண்டினார்.

தெருவில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. பலகைக்கு அடியில், இரண்டு காலுக்கும் நடுவில், தெரு நகர்ந்து போவது நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். தண்ணீர்த் தொட்டி. கேட்டுப் பெயின்ட். பரண். இன்ஜின். கடைசியில் இந்தப் பலகை. முடியாது, முடியாது என்று சொல்லிச் சொல்லியே அவள் முடித்துக்கொண்ட வேலைகளை விரல் விட்டு எண்ணினார். விரல் போதவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு நான் மட்டும் குருடனாக இருந்திருக்கிறேனே என்று நொந்துகொண்டார். தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கினார். கூரையை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு நடந்து திரும்பினார்.

வழியெல்லாம் ஒரே சபதம். இனிமேல் உங்களால முடியாது என்று அவள் வாயைத் திறந்தால், ஆமாம், முடியாதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் கொட்டகை பளிச்சென்று கழுவிக் கிடந்தது. வெளிச்சம் விழுகிற பக்கம் தையல் மெஷின் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், துடைத்து, புது உறை போட்டு, அவருடைய டிரைவர் சீட். சீட்டின் மேல் அவருடைய ரேடியோ. ஒரு ஊசி இல்லை, நூல் இல்லை. அவருக்கு மனசு இளகத்தான் பார்த்தது. ஆனால் நடுவில், டயர் மேல், அந்த இன்ஜின் உட்கார்ந்திருந்தது. அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோகாமல் சீட்டில் காலை நீட்ட முடியாது.

சரி, இப்போது சொல்லப் போகிறாள். கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

வீட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டியிருந்த கையையும் பார்த்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்த இன்ஜினை நகர்த்த உங்களாலதாங்க முடியும்."

இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. நான்கு தடவை சொல்லிப் பார்த்த பதில் இதற்குப் பொருந்தவில்லை. கட்டின கையை அவிழ்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.