கோட்டுக்குப் பிடித்த குடை

குன்னூர்,
ஆனி மாதம், விடாத சாரல்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஆறுமுகசாமி அவர்களுக்கு, தங்கவேலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை மருதாம்பாளும் உடம்பளவில் நலம். கோயமுத்தூரில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்க மருதமலையான் துணை நிற்கட்டும். மனசளவில் நான் நலமில்லை. பிள்ளையை ஃபிசிக்ஸ் படிக்க வைக்கச் சொன்ன தாங்கள்தான் காரணம்.

லீவில் வந்த மகள் சுவாதியிடம், குஜராத்தில் அப்படி என்ன வேலை என்று கேட்டுத் தொலைத்தேன். சூரியனுக்குள் இருப்பது மாதிரி ஒரு நெருப்பை இரும்புத் தொட்டிக்குள் மூட்டுகிறார்களாம், பிளாஸ்மா என்கிறாள். தொட்டியின் உள்சுவரில் லித்தியம் பூசுகிறார்களாம். அது பூசினபடி இருப்பதில்லை; பிளாஸ்மா படப்பட ஹைட்ரஜனைக் குடிக்கிறது, கொஞ்சம் பெயர்ந்து வேறு மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது, வயிறு நிறைந்ததும் குடிக்க மறுக்கிறது. அந்தப் படிவு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் இவள் வேலை. தேயிலை ஃபேக்டரி டீமேக்கரான எனக்கு இது புரியாதா? இலை அரைக்கிற எங்கள் ரோலர் பல்லில் தேயிலைச் சாறு படிகிற சங்கதிதான். சுரண்டாவிட்டால் அடுத்த தூள் கெட்டுப்போகும். "யாரு கண்ணு சுரண்டறது?" என்றேன். "நாங்கதானுங்கப்பா, உள்ள எறங்கி" என்றாள். வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன், எங்கள் வழக்கம் அதுதானே. தண்ணீர் பட்டால் லித்தியம் தீப்பிடிக்கும் என்றாள். காற்றுப்பட்டு அதன் வேகம் அடங்கிய பிறகுதான் இறங்குவோம் என்று அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து வருகிறேன், மருதாம்பாள் சுவாதியுடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்குகிறாள், முழங்கைப் பக்கம் வெள்ளையாக ஒரு பொருக்கு, அவ்வளவுதான், கோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன், வெளியே சாரல், உள்ளே ஓடினேன், உள்ளே கேஸ் சிலிண்டர், மறுபடி வெளியே ஓடினேன், கீழே பர்லியார்ப் பக்கமிருந்து பனிமூட்டம் வேறு ஏறி வருகிறது, தீப்பெட்டியே நமுத்துப்போகிற இந்த ஊரில் நனையாத இடத்துக்கு எங்கே போவது மச்சான், கடைசியில் கொடியில் மாட்டி, கோட்டுக்குக் குடை பிடித்து, பக்கத்தில் மணல் வாளியை வைத்துக்கொண்டு நான் நனைந்துகொண்டு நின்றேன். "ஏனுங்க, கோட்டுக்குக் காச்சலுங்களா?" என்று பக்கத்து ஊட்டு எல்லப்பன் கேட்டான். சுவாதி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, அது அம்மா போட்ட கஞ்சிங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பிள்ளை. பயமாக இருக்கிறது மச்சான். அவள் தொட்டிக்குள் இறங்கும்போது குடை பிடிக்க யார் இருக்கிறார்கள்?

நேற்று ரயிலேறிவிட்டாள். தாங்கள் சொன்னால் கேட்பாள். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி உடனே கண்டிப்பாக எழுதுங்கள். எங்கள் ஃபேக்டரி ஆபீசிலேயே ஒரு இடம் கேட்டு வாங்கிவிடுகிறேன். தூளை உலர்த்துகிற எங்கள் டிரையர் அடுப்பும் நெருப்புதான். ஆனால் அது எனக்குப் பழகின நெருப்பு.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பம் குறைவின்றி இருக்க மருதாம்பாளும் வேண்டிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
தங்கவேலு

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்தது. இப்போது விற்கிற விலைக்குத் தூள் போட்டால் விறகுக்குக்கூடக் கட்டவில்லையாம். டிரையர் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. நான்தான் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தேன். வேலையை விடச் சொல்லி எழுத வேண்டாம், மேலே எழுதியது எதையும் சுவாதியிடம் சொல்லவும் வேண்டாம். போனில் பேசினால், அவர்கள் தொட்டி நெருப்பு அணையாமல் நிற்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.