பன்னிரண்டாவது கோப்பை

லாகூர், செவ்வாய்

மதிப்பிற்குரிய ஃபர்ஹத் ஆபா அவர்களுக்கு,

தம்பி தௌகீரின் சலாம். முல்தானில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். ரம்ஜானிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே தபால். விஷயம் சிறியது. என் மகள் மிஷாலைப் பெண் பார்க்க நீங்கள் அனுப்பும் குடும்பம் சனிக்கிழமை வருவதற்குள் உங்கள் டீ டிராலியை அனுப்பிவையுங்கள். அம்மா எனக்கென்று சொல்லியிருந்தும் நீங்கள் கொண்டுபோன அதே டிராலிதான். பழசைக் கிளறவில்லை.

எங்கள் டிராலி கலைப்பொருளாகிவிட்டது. உங்கள் மருமகள் மிஷால் அதைக் குல்பர்கில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் நிறுத்தி, மேலே பன்னிரண்டு கோப்பைகளை வைத்திருக்கிறாள். இதுவரை அவளைப் பார்த்துப்போன பதினோரு குடும்பங்கள் (ஏழு உங்கள் சிபாரிசு) சொன்னதைப் பதினோரு கோப்பைகளின் அடியில் எழுதியிருக்கிறாள். டீயைக் குடித்து முடித்தால்தான் தெரியும். "நிறம் கொஞ்சம் கம்மி." "எம்.ஏ. எதுக்கு, பி.ஏ. போதாதா?" எனக்கு மானம் போயிற்று. டிராலியை மீட்டு வர நேற்று நேரிலேயே போனேன். டிராலியில் கை வைத்ததும் காவலாளி மறித்தான்.

"சார், கலைப்பொருளத் தொடக் கூடாது."

"இது எங்க வீட்டு டிராலி தம்பி. இடது சக்கரம் கீச்சுன்னு கத்தும், தள்ளிப் பாரு."

தள்ளினான். கத்தியது. ஆனாலும் விடவில்லை. கால் வலித்ததால் பக்கத்திலிருந்த சோபாவில் உட்கார்ந்தேன். அதுவும் கலைப்பொருளாம், எனக்கு யார் சொன்னார்கள்? உடனே, மிஷால் நடிக்க ஏற்பாடு செய்திருந்த முக்காடிட்ட ஒரு பெண் தலைகுனிந்து டிராலியைத் தள்ளி வந்து டீ ஊற்றினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னை அறியாமல் வாய் திறந்தது: "என்ன படிச்சிருக்கேம்மா? சமோசா நீயே செஞ்சதா?" பதினோரு முறை என் வீட்டில் கேட்டு நான் பல்லைக் கடித்த கேள்வி, ஆபா. சுற்றிலும் கூட்டம் கை தட்டியது. "யாருடி இந்த நடிகர்? எங்க பெரியப்பா மாதிரியே இருக்கார்" என்றாள் ஒருத்தி.

அவமானத்தில் டீயை ஒரே மடக்காகக் குடித்தேன். அது பன்னிரண்டாவது கோப்பை, அடியில் இருந்தது: "பொண்ணு பரவாயில்ல. சமோசாவுலதான் உப்பு கம்மி."

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், நாம் நுஸ்ஹத்தைப் பெண் பார்க்கப் போன அன்று, அவள் வீட்டில், உங்கள் காதில் மட்டும் நான் சொன்னது. நீங்களும் சிரித்தீர்கள். பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. என் மனைவி இத்தனை வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சமோசாவில் இத்தனை வருடமாக உப்பு அதிகம். என் ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

"சனிக்கிழமைக்கு மட்டும் டிராலியக் குடும்மா" என்று மிஷாலிடம் கெஞ்சினேன்.

"அவங்க வரட்டும்பா. பதிமூணாவது கோப்பைய எழுதாம வெச்சிருக்கேன்" என்றாள்.

ஆகவே டிராலியை வியாழனுக்குள் அனுப்புங்கள். நல்ல இடம், கைநழுவக் கூடாது. அத்தானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு ஆசிகள், என்னை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

தம்பி,
தௌகீர்

பின்குறிப்பு: டிராலி வேண்டாம். கடிதத்தை நுஸ்ஹத் படித்துவிட்டு, சமோசா வைத்தாள். முதல் முறையாக உப்பு சரியாக இருந்தது. சனிக்கிழமை அவர்களைக் கண்காட்சிக்கே வரச் சொல்லுங்கள். மிஷால் சோபாவில் உட்காருவாள். டிராலியை நான் தள்ளி வருகிறேன். தலை குனியப் பழகிக்கொண்டிருக்கிறேன்.