முப்பத்துநாலு டிகிரி வைக்கோல்

அன்புள்ள மச்சான் சடையப்பனுக்கு,

செய்யூரிலிருந்து உன் அக்கா புருஷன் லட்சுமணன் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம், மாடு ரெண்டும் நலம், உன் கொட்டகையும் இதை எழுதுகிற நிமிடம் வரை நலம். சிறுசேரியில் உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் பெண் ஸ்வாதி சொன்னாள். கண்ணைத் திறக்கும் வரை இதை அவளே உனக்குப் படித்துக் காட்டட்டும். போனில் சொன்னால் நீ நடுவிலேயே கத்துவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தானே ஆகவேண்டும்!

விஷயம் வைக்கோல். நீ கிளம்பின மறுநாளே வயலில் மிஷின் விட்டு அறுபது கட்டு கட்டினார்கள். டிராக்டரில் ஏற்றும்போது பிடித்தது மழை. அப்போ நீ போன்ல இன்னா சொன்ன? "மாமா, ஈரக் கட்ட உள்ள அடுக்காத, சூடேறி பத்திக்கும், வெளியவே எட்ட எட்ட வச்சி காய வுடு"ன்ன. நான் கேட்டேனா? கல்பாக்கத்துல முப்பத்தொரு வருஷம் மீட்டரா சரிபார்த்தவன், போயும் போயும் வைக்கோலுக்கா பயப்படுவேன்? அறுபதையும் கொட்டாய்க்குள்ள நெருக்கி அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, ரிடையர் ஆன அன்னிக்கு செக்‌ஷன்ல குடுத்தாங்களே நீட்டுக் கம்பி தெர்மாமீட்டர், அத நடுக் கட்டுல சொருகிட்டேன். மணிக்கொரு தரம் நோட்டுல எழுதறேன். முப்பத்துநாலு. முப்பத்துநாலு. ஆறு நாளா ஒரு புள்ளி அசையல. ஐம்பதைத் தாண்டினாத்தான் கவலையே.

ஆனா இந்த ஜனங்க மனுசன நிம்மதியா வுட்டாத்தானே! மூணாம் நாள் உன் அக்கா, கொட்டாய்ல பொகையில வாசனை வருதுன்னா. உன் மூக்குல கோளாறுன்னேன். அன்னிலேர்ந்து எனக்குக் காபி கிடையாது. பக்கத்து வூட்டு எல்லம்மாவோட பூனை குட்டிங்களோட வந்து தார்ப்பாய் மேலயே குடித்தனம் பண்ணுது. பூனைக்கு இன்னா தெரியும்? நேத்து எல்லம்மா மழைல நனைஞ்ச பாவாடைய தார்ப்பாய் மேலயே விரிச்சிட்டு, அரை மணில காய்ஞ்சத மடிச்சிக்கினே, "இன்னா அண்ணாத்த, உள்ள இஸ்திரிக் கடை நடத்துறியா?"ன்னா. காத்தோட்டம்னு சொல்லி அனுப்பிட்டேன். காலைல தார்ப்பாய் ஓரத்துல புகை மாதிரி ஏதோ கிளம்பிச்சு. பனின்னு நோட்டுல எழுதிட்டேன். மே மாசத்துல இன்னா பனின்னு உன் அக்கா கேட்டா. நோட்ட மூடி வச்சிட்டேன்.

எனக்கும் தூக்கம் புடிக்கல மச்சான், அது வேற. உக்காந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா கொட்டாய்க்குப் போவத் தோணுது. உன் செவலை இந்த மாசமே கன்னு போடப் போவுது. ஒரு வருஷத் தீனி, உன் கொட்டாய், எல்லாம் என் கைல கீது. நீ ஒண்ணும் கவலைப்படாத. மெஷின் பொய் சொல்லாது.

கண்ணைக் கசக்காதே, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. ஸ்வாதிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. உன் மாடும் வீடும் நோய்நொடி இல்லாமல் பெருகட்டும்.

இப்படிக்கு,
லட்சுமணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் அக்கா தெர்மாமீட்டரைப் பிடுங்கி, கொதிக்கிற உலைத்தண்ணில வுட்டா. முப்பத்துநாலு. ஐஸ் தண்ணில வுட்டா. முப்பத்துநாலு. ஊரு மீட்டரெல்லாம் சரிபார்த்தவன், இத ஒரு நாள்கூட பார்க்கல. மாட்ட அவுத்து எல்லம்மா வூட்டு வேப்பமரத்துல கட்டிட்டு, தீயணைப்புக்கு போன் போட்டோம். அவங்க தண்ணி அடிச்சிக்கினே கட்ட ஒண்ணொண்ணா வெளிய இழுத்தாங்க. நடுவுல ஒன்பது கட்டு உள்ளுக்குள்ள கரி. இன்னும் ஒரு நாள் வுட்டிருந்தா செவலை இல்ல, கொட்டாய் இல்லன்னு அந்த ஆபீசர் சொன்னாரு. மீதிய நீ சொன்னாப்போலவே எட்ட எட்ட வச்சி காய வுட்டுக்கினு இருக்கேன்.

நீ சொன்னதுதான் சரி, மச்சான்.

ஸ்வாதி கண்ணு, மேல இருக்கற வரிய ஒரே ஒரு தடவதான் படிக்கணும். உங்கப்பன் மறுபடியும் படின்னுவான். பேப்பர் கிழிஞ்சி போச்சுன்னு சொல்லிடும்மா.