கண்ணை மூடி அடித்தால் குழிக்குள்

"கண்ணை மூடு! நெஞ்சைத் திற! பந்து குழிக்குள்!"

ஊர் முழுக்க இதே பேச்சு. பேருந்தின் முதுகில் இது. பால் பாக்கெட்டின் வயிற்றில் இது. முடிவெட்டும் கடைக்குப் போய்த் தலையைக் குனிந்தால், கழுத்தில் கட்டிவிடும் துணியிலும் இதுவே. நாற்சந்தியில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பலகை. அதில் வெள்ளை அங்கியும் தங்க நிறக் கையுறையும் போட்டு, கண்ணை மூடி, கோல்ஃப் மட்டையை மார்போடு அணைத்தபடி ஒருவர் சிரித்தார். பெயர் குழியருளார். பெற்றவர்கள் வைத்த பெயராக இருக்காது. பெற்றவர்களுக்குப் பிள்ளையின் மேல் அவ்வளவு கோபம் வராது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னப் பந்தை நீள மட்டையால் அடித்து, தூரத்தில் இருக்கும் சின்னக் குழிக்குள் விழவைக்க வேண்டும். விழாது. மறுநாளும் போய் அடிக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் கூட்டம் சேருமா? எங்கள் ஊர் கிளப்பில் சேரவில்லை. பழைய உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது. பந்தைத் தேடிப் போனவர்களைத் தேடிக் கொண்டுவர இன்னொருவர் போக வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்களோ ஒரு நாள் அடித்துப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தாம். கிளப் செயலாளருக்குத் தூக்கம் போயிற்று. புது ஆட்களை எப்படி இழுப்பது, இழுத்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்று இரண்டு கவலை அவருக்கு. முதல் கவலைக்குக் குழியருளார் கிடைத்தார். கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவதை மறந்தே போனார்.

மைதானத்தின் ஓரத்தில் பெரிய கூடாரம் எழுந்தது. நடுவில் வட்டமாக, வழவழவென்று பச்சை ரப்பர் விரிப்பு. அதன் மையத்தில் ஒரே ஒரு குழி. சுற்றிலும் பூந்தொட்டிகள். அதன் பெயர் அருள்தளம். புகை, மேளம், மின்னி மின்னி அணையும் விளக்குகள். குழியருளார் உங்கள் பந்தை வாங்கி ஊதுவார். நீங்கள் கண்ணை மூடி, நெஞ்சைத் திறந்து, மெல்லத் தட்ட வேண்டும். பந்து போய்க் குழிக்குள் விழும். உங்களுக்கும் விழும். உங்களுக்குப் பின்னால் நிற்கும் மூட்டுவலிக்காரருக்கும் விழும். மட்டையைத் தலைகீழாகப் பிடித்த வங்கிக்காரருக்கும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் "ஆஹா!" என்றது. அங்கேயே கையெழுத்துப் போட்டு உறுப்பினர் ஆனார்கள்.

நான் செருப்புக் கடைக்காரன். நானும் போனேன். குளிர்பானம் சும்மா கொடுத்தார்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. புருஷன் முன்னால் உட்கார்ந்து கண் பரிசோதிப்பார், மனைவி பின்னால் லென்ஸ் தேய்ப்பாள். இருவரும் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உருவாக்கிய கடை அது. வாசலில் அவரே எழுதி மாட்டிய பலகை: "கண்ணை நம்பாதீர்கள். பரிசோதித்துப் பாருங்கள்." ஊருக்கே கண் பார்க்கிற இந்த மனிதர்தான் அருள்தளத்துக்குப் போய்க் கண்ணை மூடினார். பந்து விழுந்தது. அதோடு அவர் புத்தியும் விழுந்தது.

"அண்ணே, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. யாரோ என் கையைப் பிடிச்சு அடிக்க வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் என்னிடம்.

மறுநாள் நிஜ மைதானத்தில் இறங்கி அடித்தார். ஒரு பந்து புதருக்குள் போயிற்று. ஒன்று குட்டைக்குள். ஒன்று செயலாளரின் காரில் பட்டது. ஓடிப் போய்க் குழியருளாரிடம் முறையிட்டார். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உள்ளுக்குள்ள ஒரு துளி சந்தேகம் இருக்கு. சந்தேகம் இருக்கிற கைக்குப் பந்து கட்டுப்படாது."

எல்லோருக்கும் இதே பதில்தான். கண்ணாடிக் கடைக்காரர் நம்பிக்கையைக் கூட்டிக்கொள்ள அருள்தளத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். வேறு பலர், தங்கள் மனசில்தான் கோளாறு என்று வெட்கப்பட்டு, சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். செயலாளர் முன்வாசலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக நழுவியவர்களை யாரும் பார்க்கவில்லை.

எனக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் கேட்டது இது.

"கடையையே குடுத்துட்டா நாம என்ன பண்றது?" மனைவியின் குரல்.

"நாம இல்லம்மா, நான். இந்தக் கடைதான் இனிமே குழியருளார் ஆரம்பிக்கிற அருள்மையத்தோட முதல் கிளை. நான் அருள்தூதர். நீ தூதரோட மனைவி."

"தூதரோட மனைவி எங்க போய் வேலை பாப்பா?"

"பாக்கவே வேண்டாங்கிறேன்."

"என் லென்ஸ் மெஷினு?"

"அது இருக்கிற எடத்துல குளம் வருது. அலங்காரக் குளம். தங்க மீனெல்லாம் விடப் போறாங்க."

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாவியை எப்பக் குடுக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை. மேடையில, எல்லார் முன்னாடியும்."

"சரி, நானும் வர்றேன்."

"வந்திருச்சு பாத்தியா? உனக்கும் அருள் வந்திருச்சு!" என்று அவர் கத்தினார். என் கடையில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் பயந்து எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் அளவுக்குக் கூட்டம். கண்ணாடிக் கடைக்காரர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். செயலாளர் ஒலிபெருக்கியில் தூதரை அழைத்தார். மேளம் கொட்டியது. அவர் சாவியை நீட்டினார். தங்கக் கையுறை அதை வாங்கிக்கொண்டது. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவர் மனைவி விரிப்பின் மேல் ஏறினாள். கையில் குடை.

"நானும் ஒரு தடவை அடிச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா வாங்கம்மா. பந்தைக் குடுங்க, ஊதித் தர்றேன்."

"ஊத வேண்டாம். மட்டையும் வேண்டாம், குடையே போதும். கண்ணையும் மூடப் போறதில்ல." கூட்டம் முணுமுணுத்தது. அவள் பந்தை ஓரத்தில் வைத்தாள். "நெஞ்சையும் திறக்கல. இது சுத்தப் பித்தலாட்டம்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே குடையால் ஒரு தட்டு தட்டினாள்.

பந்து குழிக்கு எதிர்ப்பக்கம் போயிற்று. பூந்தொட்டியில் முட்டியது. திரும்பி வந்தது. குழியை ஒரு வட்டம் போட்டது. உள்ளே விழுந்தது.

ஒழிந்தான் மோசடிக்காரன் என்று நான் எழுந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா!" குழியருளார் துள்ளிக் குதித்தார். "ஊதாமலே விழுது! திட்டினாலும் விழுது! அம்மாவுக்குப் பிறவியிலேயே அருள்!"

கூடாரம் அதிர்ந்தது. "அக்கா, எனக்கு ஒரு ஊது ஊதுங்க!" என்று பத்துக் கைகள் பந்தை நீட்டின. ஒருவர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார். புருஷன் கண்ணீர் விட்டார். "இத்தனை வருஷமா இவளைப் போய் லென்ஸ் தேய்க்க வச்சிட்டேனே!"

பொய்யை உடைக்கப் போனவளை ஒரே நொடியில் இன்னொரு அருளாராக்கிவிட்டார்கள்! கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இவர்கள் வடியும் நெய்யைப் பிடிக்கப் பாத்திரத்தோடு வந்தவர்கள்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "எனக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. தரை கோணல்!"

குழியருளார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அம்மா ஆடி ஜெயிச்சிட்டும் கூடம் கோணல்ங்கிறாங்களே!"

கூட்டமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவரின் தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். விரிப்பின் ஓரத்தில் கவிழ்த்தாள்.

தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு நேராகக் குழியை நோக்கி ஓடியது.

வலப்பக்கம் போய் ஊற்றினாள். அங்கிருந்தும் குழிக்கே ஓடியது. எதிர்ப்பக்கம் ஊற்றினாள். அதுவும் குழிக்கே.

"தண்ணிக்கும் பிறவி அருளா?" என்று கேட்டாள்.

குழியருளாருக்கு வியர்த்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "தண்ணி... தண்ணி சந்தேகப்படாதும்மா! அதான் நேரா போகுது!"

சொன்னால் நம்பமாட்டீர்கள். அதற்கும் நாலைந்து தலைகள் ஆடின.

ஆனால் வங்கிக்காரருக்குக் கை துறுதுறுத்தது. தன் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றிப் பார்த்தார். அது குழிக்குப் போயிற்று. இன்னொருவர் காப்பியை ஊற்றினார். அதுவும் போயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு ஊற்றினார்கள். குழி நிரம்பி, அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, பந்துகள் மிதந்தன. அலங்காரக் குளம் அங்கேயே வந்துவிட்டது. தங்க மீன்தான் பாக்கி.

கண்ணாடிக் கடைக்காரர் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புதுச் சட்டையோடு ஈரத்தில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, விரிப்பின் மட்டத்தைப் பார்த்தார். கடையில் லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பார்த்தவர் பதறி எழுந்தார். பூந்தொட்டியை உதைத்துத் தள்ளி, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உருவினார்.

கீழே மண். தாம்பாளம் மாதிரி, ஓரம் ஏறி, நடு இறங்கி, பதமாகச் செதுக்கித் தட்டிய மண்.

எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், புகையைப் பார்த்தார்கள், மேடையைப் பார்த்தார்கள். அடிக்கும் நேரத்தில் கண்ணையும் மூடிக்கொண்டார்கள். காலடித் தரையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததால்தான் ஆடத் தெரியாதவர்களெல்லாம் ஆடியிருக்கிறார்கள்.

"அப்ப நான் அடிச்சது?" என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

"நீங்க எங்க அடிச்சீங்க? பள்ளம் இழுத்துக்கிச்சு."

குழியருளார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "இதுல தப்பென்ன இருக்கு? புதுசா வர்றவங்களுக்கு ஒரு ஊக்கம். மெத்தைக் கடைத் திறப்பு விழாவிலயும் இப்படித்தான் பண்ணினோம். இதெல்லாம் விளம்பர உத்தி."

"ஆமாமா, உத்தி" என்றார் செயலாளர். அந்த நேரத்தில் அவருக்கு வேறென்ன வரும்?

"ஊக்கமா?" அவள் குடையை நீட்டினாள். "வெளியில விழலன்னு வந்து நின்னவங்ககிட்ட, பழகப் பழக வரும்னு சொல்லியிருந்தா அது ஊக்கம். உன் மனசுல சந்தேகம்னு சொல்லி அனுப்பினீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

வங்கிக்காரர் எழுந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். "எனக்கு நம்பிக்கை பத்தலன்னு நினைச்சு நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலையே, பாவி!"

நாற்காலிகள் நகர்ந்தன. அருளார் பின்வாங்கினார். அந்த ஈர மண்ணில் பளபளக்கும் காலணி வழுக்கியது. கையிலிருந்த சாவி நழுவியது. அவரும் சறுக்கினார், சாவியும் சறுக்கியது. இரண்டும் நேராகக் குழிக்கே போயின. யாரும் ஊதவில்லை.

அவள் சேற்றில் கையை விட்டுச் சாவியை எடுத்துத் துடைத்தாள். புருஷனிடம் கொடுக்கவில்லை. தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூடாரம் பிரிந்தது. கூட்டமும் பிரிந்தது. பகட்டு விளம்பரம் ஆளை வண்டியில் ஏற்றி வாசலில் கொண்டுவந்து இறக்கும், அதற்கு மேல் அதற்குக் கால் கிடையாது. அவ்வளவு மேளத்துக்கும் புகைக்கும் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் வங்கிக்காரர் ஒருவர். ஆச்சரியமாக, கண்ணாடிக் கடைக்காரரும் ஒருவர்.

"பட்டது போதாதா? இன்னும் எதுக்குப் போறீங்க?" என்று நான் கேட்டேன்.

"நேத்து ஒரு பந்து நேரா போச்சுண்ணே. குழிக்குப் பக்கத்துலகூடப் போகல. ஆனா நேரா போச்சு. அது நான் அடிச்சது" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தப் பலகையிலும் வரைய முடியாது.

அன்றைக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வரும்போது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தலையை ஆட்டிய நாலைந்து பேரில் ஒருவர் என் தோளைத் தொட்டு, ரகசியமாகக் கேட்டார்: "ஏங்க, இவர் போலின்னா, அசல் குழியருளார் எந்த ஊர்ல இருக்கார்?"

பள்ளம் கண்ட பக்கம் உருளுவது பந்தின் குணம். அதைக் குறை சொல்ல முடியாது, அதற்கு மூளை கிடையாது. உமக்கு என்ன கேடு ஐயா?