மேனேஜருக்காக வைத்த வீட்டு ஜெபம்

இந்த விஷயத்தை யூனிஸிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போதே சபதம் எடுத்துவிட்டேன். பல்லாவரத்தில் எங்கள் தோல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழியுமாம். நானோ கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். யூனிஸ் என் மனைவி. அவளுக்குத் தெரிந்தால் ஊரப்பாக்கம் வரைக்கும் தெரிந்துவிடும்.

என்னைக் காப்பாற்றக்கூடியவர் மேனேஜர் சாலமோன் சார் ஒருவர்தான். அவரும் எங்கள் சபை. வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் என் பக்தியைப் பார்ப்பார், பஜ்ஜியும் சாப்பிடுவார். கை நனைத்த வீட்டு ஆளை வேலையை விட்டுத் தூக்க மனசு வருமா?

"யூனிஸ், இந்த வாரம் ஜெபக்கூட்டத்தை நம்ம வீட்ல வெச்சுக்கலாம்."

"என்னங்க திடீர்னு? போன வாட்டி நடு ஜெபத்துல குறட்டை விட்டீங்களே!"

"அது தியானம்டி. சாலமோன் சாரையும் அவர் மிஸஸையும் கூப்பிடுவோம்."

"ஓஹோ."

"என்ன ஓஹோ?"

"ஒண்ணுமில்லீங்க. வெங்காய பஜ்ஜியா, வாழைக்காயா?"

சனிக்கிழமை சாயங்காலம் சார், மனைவி அருள்மேரியோடு வந்தார். பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூடினோம். ஆளாளுக்கு வாய்விட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். யூனிஸ் முறை வந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே, என் வீட்டுக்காரரை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். வேலை போயிடுமோன்னு பயந்து சாகுறாரு. என்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவேனாம். அவரை மன்னியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபத்தில் குறுக்கே பேச முடியுமா? "ஐயையோ!" என்று முனகினேன். பக்கத்து வீட்டு ஞானையா, நான் உருகிவிட்டதாக நினைத்து "ஸ்தோத்திரம்!" என்றார்.

"சாலமோன் அண்ணனுக்கும் வேலை போகுது, ஆண்டவரே. அவரும் அதைப் பொண்டாட்டிகிட்ட மறைச்சுட்டுத் திரியுறாரு."

அடக் கடவுளே! யாரைப் போய்க் காக்கா பிடித்தேன் நான்? மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். சாரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அருள்மேரியம்மா மட்டும் அசையவே இல்லை.

"கம்பெனில கூட்டுற தனக்கோடியக்கா மூலமா எங்க ரெண்டு பேருக்கும் எல்லாத்தையும் தெரியப்படுத்தினீரே, ஸ்தோத்திரம். நானும் அருள்மேரி அக்காவும் அடுத்த மாசம் ஆரம்பிக்கிற இட்லிக் கடையை ஆசீர்வதியும். மாவாட்டப் போற எங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரோட கைகளையும் பலப்படுத்தும்."

"ஆமென்!" முதல் குரல் அருள்மேரியம்மாவுடையது. கூட்டமே சேர்ந்து சொன்னது. ஜெபத்துக்கு ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? நானும் சாரும் சொன்னோம்.

முதல் தேதி இரண்டு பேர் சீட்டும் கிழிந்தது. கிரைண்டர் வாங்குகிறவரை ஆட்டுக்கல்தான் என்பது மனைவிமார் உத்தரவு.

இங்கேயும் சாலமோன் சார்தான் மேனேஜர்: குழவியை நான் சுற்றுகிறேன், உப்பு அவர் போடுகிறார்.